ஒரு மீட்டர் நிலம்

மதினியின் பிள்ளைக்காம்பராவில், வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் கறுப்புக் கம்பி வலை பின்னிய முகமூடி ஒன்று தொங்குகிறது. அதற்கு ஒரு பக்கம் சத்துமா டப்பாக்கள் அடுக்கிய தட்டு, மறுபக்கம் தடுப்பூசி அட்டவணை. காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் பிள்ளையை விட்டுப் போக வரும் தாய்மாரில் புதியவர்கள், அது தேன் எடுக்கிறவர்கள் போடுவது என்று நினைத்துக்கொள்வார்கள். சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டாராம். "சண்டைக்கு" என்று மதினியும் சிங்களத்திலேயே சொல்ல, அவர் அதற்கு மேல் எதையும் பரிசோதிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாராம். மதினி சொல்லும் கதைகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கைச்சரக்கு என்று நான் ஆராய்வதில்லை.

என் கணவரின் அக்காவைத்தான் மதினி என்கிறேன். ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தின் கீழ் டிவிசனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. நான் ஹட்டன் டவுனில் படிப்பிக்கிறேன். விளையாட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் என்றுமே இருந்ததில்லை. விளையாட்டுப் போட்டிகளில் வெயிலில் நின்று கொடி பிடித்த ஞாபகம்தான் அதிகம். ஆனாலும் என் மகளுக்கு எட்டு ஒன்பது வயதாக இருந்தபோது, மற்றத் தாய்மாரைப் பார்த்து எனக்கும் ஓர் ஆசை வந்தது. மாதா கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் வாள்வீச்சு சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எல்லோரும் ஆடும் நெட்போலைவிட இதில் போட்டி குறைவு, மேலே போவது சுலபம் என்று கணக்குப் போட்டேன். மகள் முதல் நாளே முகமூடிக்குள் மூச்சு முட்டுகிறது என்று ஓவென்று அழுதாள். துணைக்கு வந்திருந்த மதினி அவளைச் சமாதானப்படுத்துவதற்காக அந்த முகமூடியை வாங்கித் தன் தலையில் மாட்டிக் காட்டினார். மகள் அழுகையை நிறுத்தினாள். மதினி முகமூடியைக் கழற்றவில்லை.

அப்போது மதினிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நாள் முழுவதும் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, நடையே கோணலாகியிருந்தது. மாத்திரையை மட்டும் நம்பாமல் ஏதாவது உடற்பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோட்டத்துப் பெண்ணிடம் உடற்பயிற்சி செய்யச் சொன்னால் சிரிப்பாள், மதினியும் சிரித்தார். அந்த மண்டபத்தில் மட்டும் சிரிக்கவில்லை. இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சிங்கள மாஸ்டர் ஒருவர்தான் பழக்கினார். மதினி அவரிடம் போய், "மாஸ்டர், நான் ஒரு நாளைக்கு நிண்டு பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். மாஸ்டர் அவருடைய வயதைக் கேட்கவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு வேறு சப்பாத்து போட்டு வரச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை, கொழும்பில் வேலை செய்யும் தம்பி விட்டுப் போன சப்பாத்தை நுனியில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு மதினி வந்து நின்றார். அந்தத் தம்பிதான் என் கணவர்.

இந்த விளையாட்டின் நன்மைகளை யாராவது கேட்டால் நான் கண்டதை மட்டும் சொல்வேன். ஒரு காலை முன்னே வைத்து, முழங்கால்களை மடித்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நின்று நின்று மதினியின் இடுப்பு நேரானது. பிள்ளைகளைக் குனிந்து தூக்குவதை விட்டுவிட்டு முழங்காலை மடித்துத் தூக்கப் பழகினார். கால்களில் பலம் ஏறியது. மேல் டிவிசன் ஏற்றத்தில் என்னை முந்திப் போய் நின்று, நான் வந்து சேரும்வரை பெருமூச்சுகூட விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது கத்தினால் படபடப்பது குறைந்தது. எதிரில் நிற்பவரின் தோள் எப்போது அசையும் என்று பார்த்துப் பழகிய கண், பிள்ளைகளில் எது எதைக் கடிக்கப் போகிறது என்பதையும் முன்கூட்டியே கண்டுபிடித்தது. ஆனால் மதினி சொன்ன நன்மை இவற்றில் ஒன்றும் இல்லை. "அந்தக் கூட்டுக்குள்ள தலைய விட்டா நம்ம மூஞ்சி யாருக்கும் தெரியாது. நாம எல்லாத்தையும் பாக்கலாம்" என்றார். எனக்கு அது புரிந்தது. தோட்டத்தில் பிறந்த பெண்ணின் முகத்தை எல்லோரும் எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

மதினியிடம் ஒரு குறை மட்டும் போகவே இல்லை. மண்டபத்துத் தரையில் வெள்ளை டேப் ஒட்டி நீளமான, ஒடுங்கிய பாதை போட்டிருப்பார்கள். சண்டை அந்தப் பாதைக்குள்தான். முன்னே போகலாம், பின்னே வரலாம், பக்கவாட்டில் இறங்கக்கூடாது. இறங்கினால் சண்டையை நிறுத்தி, எதிராளியை ஒரு மீட்டர் முன்னே வரவிடுவார்கள். எதிரே நிற்பவர் காலைத் தரையில் அடித்துக்கொண்டு வேகமாக வந்தால், மதினி வாளைத் தாழ்த்திக்கொண்டு மெல்ல ஓரத்தில் இறங்கி நின்றுவிடுவார், ஏதோ வழிவிடுவதுபோல. "அக்கா, ஏன் எறங்குறது? யாரும் தள்ளினது இல்லை தானே?" என்று மாஸ்டர் தன் தமிழில் தலையில் அடித்துக்கொள்வார். மதினிக்கே காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, நானும் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்தவள்தான். தேயிலைக்கு நடுவே போகும் ரோட்டில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்தால், அவருக்குக் கீழே வேலை வாங்கும் கண்டாக்கு வந்தால், கொழுந்துக் கூடையோடு என்றாலும் வயிற்றுப் பிள்ளையோடு என்றாலும் கானோரம், மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால் பக்கம், இறங்கி நின்று அவர்கள் போன பிறகுதான் ஏறுவோம். இன்றைக்கு அப்படிச் செய் என்று யாரும் சொல்வதில்லை. யாரும் சொல்லாமலே கால் இறங்குகிறது. மாஸ்டருக்கு இதை எப்படிச் சிங்களத்தில் விளக்குவது என்று தெரியாமல் நான் சும்மா இருந்தேன்.

இதற்கிடையில்தான் அந்தச் செய்தி வந்தது. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கண்டாக்கு சொல்லிவிட்டுப் போனார்: கீழ் டிவிசன் பிள்ளைக்காம்பராவை மூடப்போகிறார்கள், அடுத்த மாதத்திலிருந்து எல்லாப் பிள்ளைகளையும் மேல் டிவிசனில்தான் விட வேண்டும். மேல் டிவிசனுக்குப் போவது படிக்கட்டு மாதிரி ஏற்றம். மழைக்காலத்தில் அட்டை, வழுக்கல், கண் தெரியாத பனி. பால்குடிப் பிள்ளையோடு அதில் ஏறி, விட்டுவிட்டு, திரும்ப இறங்கி வேலைக்கு நேரத்துக்கு வருவது நடக்கிற காரியமில்லை. வராவிட்டால் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம். மதினியின் வேலையும் போகும். தாய்மார் தொழிற்சங்கத் தலைவரிடம் போனார்கள், பார்க்கலாம் என்றார். கண்டாக்கிடம் போனார்கள், மேலிடத்து முடிவு என்றார். துரையைப் பார்க்க ஆபீசுக்குப் போனார்கள், துரை கண்டிக்குப் போயிருந்தார்.

அந்த வாரம் நுவரெலியாவில் சின்னதாக ஒரு சிநேகப் போட்டி. மதினி வரமாட்டார் என்று நினைத்தேன், வேனில் முதல் ஆளாக ஏறியிருந்தார். எதிராளி ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு வேலை பார்க்கும் உயரமான பெண், மதினியைவிட இருபது வயதாவது இளையவள். ஆரம்பத்தில் மதினி வழக்கம்போல் இறங்கினார், ஒரு மீட்டர் போனது. மறுபடி இறங்கினார், இன்னொரு மீட்டர். அதன் பிறகு முதுகுக்குப் பின்னால் இடம் குறைந்துபோய் நின்றவர், முகமூடியைத் தூக்கிக் கால்களைக் குனிந்து பார்த்தார். அந்த இரண்டு கால்களையும் அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்போல் பார்த்தார். பிறகு முகமூடியை இறக்கினார். அந்தப் பெண் பாய்ந்து வந்தாள், மதினி நகரவில்லை. வாள்முனை நெஞ்சில் பட்டு வில்லாக வளைந்தது. பட்டால் பட்டது என்று கையை உயர்த்திச் சொல்வது அவர்கள் பழக்கம், மதினி உயர்த்தினார். மிச்ச அடிகளையும் அதே இடத்தில் நின்று வாங்கினார். ஒரு முறைகூட ஓரத்தில் இறங்கவில்லை. எந்த வழியாகத் திரும்பினோமோ நினைவில்லை, வழிநெடுக அவர் முகம் மலர்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. "தோத்துட்டேன்ல" என்றார். "ஆனா கோட்டுக்குள்ளயே நிண்டு தோத்தேன்."

அதற்கடுத்த நாட்களில் ஒரு காலை. பாடசாலை விடுமுறை, நான் தோட்டத்தில் இருந்தேன். பிள்ளைக்காம்பராவுக்குக் கீழே ரோட்டில் மதினியோடு நின்றிருந்தேன், அவர் இடுப்பில் யாரோ ஒருத்தியின் பிள்ளை. வளைவில் துரையும் கண்டாக்கும் நடந்து வந்தார்கள். நான் கானோரம் இறங்கிவிட்டேன். படித்தவள், சம்பளத்துக்குத் தோட்டத்தை நம்பாதவள், இறங்கியது இறங்கியதுதான். மதினி நடு ரோட்டில் நின்றார். ஒரு கால் முன்னே, முதுகு நேராக. கண்டாக்கு தூரத்திலிருந்தே கையால் ஓரம்போ என்று காட்டினார். துரை கிட்ட வந்து, வழியில்லாததால் நின்றார். இளம் வயது, அதட்டத் தெரியாதவர்.

"வணக்கங்க தொரை. புள்ளக்காம்பராவ மூடுறதுக்கு முந்தி, ஒரு மழ நாள்ல விடியக்காலைல எங்களோட மேல நடந்து வந்து பாருங்க. அதுக்கப்பறம் மூடுங்க."

"நாளைக்கு ஆபீசுக்கு வாங்க, பேசலாம்" என்றார் துரை.

"ஆபீசுல நாங்க சன்னலுக்கு வெளிய நிப்போங்க, நீங்க உள்ள இருப்பீங்க. இங்கனாக்க ரெண்டு பேரும் ஒரே ரோட்டுல நிக்கிறோம்."

குரல் உயரவில்லை. துரை அந்தப் பிள்ளையைப் பார்த்தார், ஏற்றத்தைப் பார்த்தார், சரி என்றார். சொன்னபடி ஒரு மழைக் காலையில் வந்தார் என்பதையும் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாதி ஏற்றத்தில் வழுக்கி உட்கார்ந்தார். ஒரு தாய் தன் பிள்ளையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவரைத் தூக்கிவிட்டாள். பிள்ளைக்காம்பரா இப்போதைக்கு மூடப்படவில்லை. இப்போதைக்கு என்ற சொல்லோடுதான் அந்த உத்தரவும் வந்தது. அது வாள்வீச்சினால் நடந்தது என்று நான் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், நானும் முழுதாக நம்பவில்லை. தாய்மார் எல்லோரும் வேலைக்கு வராமல் நின்றுவிடுவார்கள் என்ற பயமும் இருந்திருக்கலாம். ஆனால் அன்று கானோரம் நின்று மேலே பார்த்தபோது, அந்த மனுஷி எங்கள் வீட்டு ஆள் என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இப்போது மதினி மண்டபத்துக்குப் போவதில்லை. முழங்கால் விடவில்லை. மாஸ்டர் தன் ஞாபகமாகக் கொடுத்த பழைய முகமூடிதான் அந்த ஆணியில் தொங்குவது. பிள்ளைக்காம்பராத் தரையில் மதினி வெள்ளை டேப்பில் ஒரு பாதை ஒட்டியிருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பக்கமிருந்தும் நடந்து வந்து நடுவில் சந்திக்க வேண்டும். இறங்கக்கூடாது, தள்ளக்கூடாது, கையைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் பின்னால் நடந்து போக வேண்டும். முகமூடியை முறை வைத்து மாட்டிக்கொள்வார்கள்.

போன வாரம் நான் போயிருந்தபோது, கூரை ஒழுகுவதைப் பார்க்கத் துரை வந்தார். அதே துரைதான், கொஞ்சம் தொப்பை வைத்திருக்கிறார். மேலே பார்த்துக்கொண்டே உள்ளே நடந்தவர் டேப் பாதையில் ஏறிவிட்டார். எதிரே ஒரு சின்னப் பெண், மூன்று வயதிருக்கும், முகமூடி தோள்வரை இறங்கியிருக்க வந்துகொண்டிருந்தாள். இருவரும் நடுவில் நின்றார்கள். அவள் கையைத் தூக்கினாள். துரை சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். அவள் நகரவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சப்பாத்துக் காலை எடுத்து டேப்புக்கு வெளியே வைத்தார், மறு காலையும் வைத்தார், சுவரோரமாக நடந்து ஒழுகும் இடத்தைப் பார்க்கப் போனார்.

மதினி அவளிடமிருந்து முகமூடியை வாங்கி ஆணியில் மாட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து, துரைக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"பாத்தியா, ஒரு மீட்டர் நம்மளுக்கு."