தாள் கிடைக்காத மாணிக்கம்

ஆவி, மாயம் என்று யாராவது பேச்செடுத்தாலே சிரித்துவிடுகிற ஆள் நான். பெரம்பலூரில் முப்பது வருஷமாக டாக்டர். நீங்களும் இதைக் கேட்டு டாக்டருக்கே டாக்டர் வேண்டும் போலிருக்கிறதே என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் பட்டப்பகலில் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

மருத்துவம் படிக்க நுழைவுத் தேர்வு வந்த புதிது அது. அரியலூரில் ப்ளஸ் டூ படித்த நானும் மாணிக்கமும் அதற்காகச் சேர்ந்தே படித்தோம். அவன் திருமழபாடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவான், அப்பா அம்மா இருவரும் கூலி வேலை, ஆனால் படிப்பில் என்னைவிட ஒரு படி மேல். திருச்சியில் இருந்த என் மாமா இரண்டு பேருக்கும் விண்ணப்பம் வாங்கி அனுப்பினார். நான் என்னுடையதைப் பூர்த்தி செய்து வைத்திருந்தேன், அம்மா நல்ல காரியத்துக்கான காகிதமாயிற்றே என்று நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். மஞ்சள் தண்ணீர் ஓடி மை கலைந்துவிட்டது. கறை பட்டால் செல்லாது என்று அதிலேயே அச்சடித்திருந்தது, கடைசித் தேதிக்கோ இரண்டே நாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, மாணிக்கத்திடம் இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த அவன் விண்ணப்பத்தை எடுத்து என் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். அவனிடம், மாமாவுக்கு ஒன்றுதான் கிடைத்ததாம் என்றேன்.

"பரவால்லடா, நீ எழுது. நான் அடுத்த வருசம் பாத்துக்கறேன்" என்றான். அதோடு விட்டானா, தேர்வு வரைக்கும் தினமும் வந்து எனக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்தான். பாவி நான், வாயைத் திறக்கவில்லை.

தேர்வு திருச்சியில், காலை பத்து மணிக்கு. கேள்வித்தாள் கொடுத்து முடித்ததும் தலையை நிமிர்த்தினேன், எனக்கு மூன்று பெஞ்சு முன்னால் ஜன்னலோரம் மாணிக்கம் உட்கார்ந்திருந்தான். கையில் பேனா, மேஜையில் ஒன்றுமில்லை. மேற்பார்வையாளர் இரண்டு தடவை அவனை ஒட்டியே போனார், நின்று பார்க்கக்கூட இல்லை. மாணிக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்தவன்தான், மணி அடித்த பிறகே நிமிர்ந்தேன். அந்த இடம் காலி. முன் பெஞ்சுப் பையனைக் கேட்டால், அங்கே யாருமே உட்காரவில்லையே என்கிறான்.

வீட்டுக்குப் போகாமல் நேராக மாணிக்கத்தின் ஊருக்கே போனேன். அவன் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தான். விடிந்ததிலிருந்து கடலைக் காட்டில்தான் இருக்கிறான் என்றார் அவன் அப்பா.

"பத்து மணி வாக்குல வரப்புல சாஞ்சான் தம்பி. எழுப்பி எழுப்பிப் பாத்தேன், ஒரு மணிக்குத்தான் கண்ண முழிச்சான்."

மாணிக்கம் மண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

"கனவுல பரீட்சைக்கு வந்திருந்தேன்டா. எல்லாருக்கும் தாள் குடுத்தாங்க, எனக்குக் குடுக்கல. நீ என்னைப் பாத்தியே, சார்கிட்ட நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். வெயிலில் தூங்கினால் இப்படித்தான் கண்ட கனவும் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

எனக்கு இடம் கிடைத்தது. அவனுக்கு அடுத்த வருஷம் என்பது வரவேயில்லை, அப்பா படுக்கையில் விழ, சுண்ணாம்புக்கல் லாரி வேலைக்குப் போய்விட்டான். இப்போது சர்க்கரைக்கு என்னிடம்தான் வருகிறான். அவன் வாயில் 'டா' போய் 'டாக்டர்' ஆகிவிட்டது, எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.

போன மாதம் வந்தவன் போகிற போக்கில் சொன்னான். "அந்தக் கனவு இன்னும் வருதுங்க டாக்டர். இப்பல்லாம் ஹால்ல வேற யாரும் இல்லீங்க. நீங்க மட்டும் உக்காந்திருக்கீங்க."

எழுதிக்கொண்டிருக்கிறேனா என்று கேட்டேன்.

"இல்லீங்க. தலையக் குனிஞ்சே இருக்கீங்க. நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கறேன்."