சம்பந்தி சப்பாத்தை ஒளித்த இடம்

பேரின்பநாயகத்தைப் பற்றி எழுதச் சொல்லி என் மகள் இனியா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு அவர் மாமனார். எனக்குச் சம்பந்தி. நல்லதாக எழுது என்றால் என்னால் முடியாது. உள்ளதை எழுதுகிறேன்.

குவீன்ஸ்டவுனில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த பழைய வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் ஆகியும் சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். எதற்கு என்று கேட்டால், ஒன்று எழுதாவிட்டால் மற்றது என்பார். அவர் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு மலாயா வந்தவராம். முதல் தடவை பார்த்தபோதே அதைச் சொல்லிவிட்டார். பிறகு நான் ஊரிலிருந்து எப்போது வந்தேன் என்று விசாரித்தார். என்ன வேலைக்கு என்று கேட்டார். கட்டட வேலைக்கு என்றேன். "ஓ" என்றார். அந்த "ஓ" இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் படித்தது கொஞ்சம்தான். கட்டட வேலை பார்த்து, இங்கேயே பிறந்து வளர்ந்த வசந்தகுமாரியைக் கட்டிக்கொண்டு, ஈசூனில் வீடு வாங்கி, இப்போது ஜாலான் புசாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணியும் குழாயும் பூட்டும் விற்கிறேன். இதில் "ஓ" என்பதற்கு என்ன இருக்கிறது?

வீட்டில் அவர் பேசுவது இங்கிலீஷ். மனைவி கமலாம்பிகையிடமும் இங்கிலீஷ், மகன் சுலக்ஷனிடமும் இங்கிலீஷ். எங்களைக் கண்டால் மட்டும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ் வரும். வித்தியாசம் தெரியட்டும் என்றுதான். வேறு காரணம் இருந்தால் அவரே சொல்லட்டும்.

மனிதருக்குத் தெரிந்த ஒரே பொழுதுபோக்கு புகார். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் லிஃப்ட் மெதுவாகப் போகிறது என்று புகார். பக்கத்து வீட்டுக்காரன் பூந்தொட்டி நடைபாதையில் ஒரு சாண் வந்துவிட்டது என்று புகார். காப்பிக் கடையில் தண்ணி ஊற்றுகிற பெண்ணிடம், கிளாஸில் விரலை விட்டு எடுக்காதே என்று பாடம் நடத்துவார். அந்தப் பெண் அடுத்த நாளும் விரலை விட்டுத்தான் கொண்டு வரும். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் போடுவது கறுப்புத் தோல் சப்பாத்து. பாலிஷ் போட்டு முகம் பார்க்கிற மாதிரி வைத்திருப்பார். முன்பு ஒருமுறை கோயில் வாசலில் அவர் சப்பாத்தை எவனோ மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து எந்தக் கோயிலுக்குப் போனாலும் சப்பாத்தை மற்றவர்களைப் போல வாசலில் விடமாட்டார். ஒளிப்பார். பூந்தொட்டிக்குப் பின்னால், மீட்டர் பெட்டிக்கு மேலே, ஒருநாள் யாருடைய காருக்கோ அடியில். அந்தக் கார் புறப்பட்டதும் சப்பாத்து நசுங்கிய கதையைக் கமலாம்பிகைதான் என் மனைவி வசந்தாவிடம் சொன்னார். அதற்குப் பிறகும் திருந்தவில்லை.

இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு "சரி" வரவேண்டும் என்றுதான் என் மகள் காத்துக்கிடந்தாள்.

இனியாவும் சுலக்ஷனும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்து நாள் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கும்போதெல்லாம் பேரின்பநாயகம் "யோசிப்பம்" என்பார். மாட்டேன் என்றால் சண்டையாவது போடலாம். யோசிப்பவனிடம் என்ன செய்வது? சுலக்ஷன் நல்ல பையன், ஆனால் அப்பா முன்னால் வாய் திறக்கமாட்டான். அப்பா சரி என்று சொல்லாமல் கல்யாணப் பதிவுக்கு வரமாட்டேன் என்றுவிட்டான். இனியா பாலர் பள்ளி ஆசிரியை. பிடிவாதக்காரப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவள். ஒரு திட்டம் போட்டாள். ஊரின் மேற்கே இருக்கிற அந்த உலகப் பூங்காவுக்கு ஆறு டிக்கெட் எடுத்தாள். ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு தெரு கட்டி வைத்திருக்கிறார்களே, அதுதான்.

"ரெண்டு குடும்பமும் ஒருநாள் ஒண்ணா சுத்துனா முகம் பழகிடும்பா" என்றாள்.

"அந்த மூஞ்சி பழகவே பழகாது."

"அங்கிள் வர்றேன்னுட்டார். எல்லாரையும் பாத்துட்டு அன்னைக்கே முடிவு சொல்றாராம். ஒரே ஒரு நாள்தான்பா. வாயத் திறக்காதீங்க."

மகளுக்காகப் போனேன்.

வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். நல்ல வெயில். மனிதர் முழுக்கைச் சட்டை, இரண்டு பேனா, அந்தக் கறுப்புச் சப்பாத்து. நான் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போயிருந்தேன். குட் மார்னிங்கூடச் சொல்லாமல் என் காலைப் பார்த்தார். மெதுவாக, கட்டைவிரல்வரை பார்த்தார்.

"வீட்டில இருந்து நேர வாறியளோ?" என்றார்.

"பின்ன, ஆபீஸுக்குப் போயிட்டா வருவாங்க?"

இனியா என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் எகிப்து. பிரமிடுக்குப் பின்னால் ஏர்கான் பெட்டி ஓடுகிற சத்தம். அதை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. அதில் கோழிச் சோறு. பேரின்பநாயகம் கடைக்காரப் பையனைக் கூப்பிட்டு, எகிப்தில் கோழிச் சோறு எந்தக் காலத்திலிருந்து இருக்கிறது என்று விசாரித்தார். பையன் சில்லி வேண்டுமா என்று கேட்டான்.

"பார்வோன் இதைத்தான் சாப்பிட்டவனாம்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"பார்வோன் செத்துட்டான் சார். நாம சாப்பிடலாம்" என்றேன். எனக்குக் காலையிலிருந்து பசி.

"இஞ்ச சாப்பிட ஏலாது. வாங்கோ."

ஆக யாரும் சாப்பிடவில்லை. இப்படியே இரண்டு மூன்று தேசம் போயிற்று. எல்லா இடத்திலும் அவருக்கு ஒரு குறை இருந்தது. சுலக்ஷன் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தான். கமலாம்பிகை பாவம், வாயே திறக்கவில்லை.

பிறகு இந்தியத் தெரு வந்தது. வளையல் கடை, தலைப்பாகைக் கடை, ஃபைபரில் செய்த யானை. தெருக் கோடியில் ஒரு கோயில் முகப்பு. உள்ளே படகு விளையாட்டு. வரிசை கோயில் மண்டபம் வழியாகத்தான் போகும். மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பிள்ளையார். கருங்கல் மாதிரி சாயம் பூசி வைத்திருந்தார்கள். பீடத்தை ஒட்டிச் சக்கரம் வைத்த ஒரு பெரிய குப்பைத் தொட்டி நின்றது. ஐஸ்கிரீம் கோப்பைகள் நிரம்பி வழிந்தன.

பேரின்பநாயகம் நின்றார். குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றி அதற்குள் திணித்தார். குனிந்தபடியே எங்கேயோ வைத்தார். நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். என் மனைவி வசந்தா இருக்கிறாளே, அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பை மெதுவாக உதறினாள்.

வரிசை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் குழந்தைகள் கத்தின. சீருடை போட்ட ஒரு மலாய்ப் பெண் ஓடி வந்தாள். படகில் தரை வழுக்கும், காலில் ஏதாவது இருந்தால்தான் உள்ளே விடமுடியும் என்று இங்கிலீஷில் தன்மையாகச் சொன்னாள்.

"கோயிலுக்குள்ள சப்பாத்தோட போறதில்லை" என்று அவரும் இங்கிலீஷில் சொன்னார். தன்மையாக இல்லை.

நான் போய்ப் பிள்ளையார் வயிற்றில் தட்டினேன். டொம் டொம் என்று கேட்டது. "ஃபைபர் சார். உள்ள காத்து. இதுக்கு எதுக்கு இவ்ளோ?"

"உங்களுக்கு ஃபைபர், மிஸ்டர் சிதம்பரம். உருவம் எண்டால் எனக்கு உருவம்தான்."

"கோயில்ல டிக்கெட் வாங்கி, கையில ரப்பர் வளையம் மாட்டியா உள்ள விடுறாங்க?"

"உங்கட ஆக்களுக்கு எல்லாமே விளையாட்டு."

"எங்க ஆளுங்கன்னா யாரு? பேரச் சொல்லிப் பேசுங்க."

இனியா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பிறகு அவர் முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"அங்கிள், இப்படி ஓரமா வாங்க. பின்னால சின்னப் பிள்ளைங்க வெயில்ல நிக்குது."

"நீ எனக்குச் சொல்லித் தாறியோ?"

"ஆமா அங்கிள். யாராச்சும் சொல்லணும்ல."

கமலாம்பிகை கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சுலக்ஷன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். பேரின்பநாயகத்தின் கழுத்து சிவந்துவிட்டது. ஆனால் ஓரமாக வந்துவிட்டார். வரிசை நகர்ந்தது.

"இப்ப சொல்லுங்க. ஷூ மட்டும்தான் பிரச்சினையா?" என்று இனியா கேட்டாள்.

அவர் விரலை நீட்டினார். "அதைப் பார். பிள்ளையாற்ற காலடியில குப்பைத் தொட்டி. வெள்ளைக்காரன்ர தெருவில சிலைக்குக் கீழ தொட்டி வச்சிருக்கிறாங்களோ? நான் எல்லா இடமும் பாத்துக்கொண்டுதான் வந்தனான். இஞ்ச மட்டும்தான்."

நானும் திரும்பிப் பார்த்தேன். ஒரு கோப்பை வழிந்து பீடத்தில் சாக்லேட் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது சரி என்று என் வாயால் வருவதற்கு அவருக்குக் கொடுப்பினை இல்லை.

இனியா அந்த மலாய்ப் பெண்ணிடம் கேட்டாள். சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். "கேளுங்க" என்றாள் இனியா. சொல்லிக்கொண்டே தொட்டியின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் அதைத் தள்ளினாள். எதிரே வந்த துப்புரவுக்காரச் சீனக் கிழவர், நிறைந்திருக்கிறது என்றுதான் தள்ளுகிறாள் என்று நினைத்து, "ஓகே லா, ஓகே லா" என்று அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார்.

வசந்தா ஒரு டிஷ்யூவை எடுத்துப் பீடத்தைத் துடைத்தாள். பேரின்பநாயகம் கண்ணை மூடிக் கும்பிட்டார். குட்டிக்கொண்டார். நான் வசந்தாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கும்பிட்டு முடித்துத் திரும்பினார். பீடத்துக்கு இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார்.

"டாடி, ஷூஸ் எங்க?" என்றான் சுலக்ஷன். அன்று அவன் பேசிய முதல் தமிழ்.

அவர் குனிந்து பீடத்துக்கு அடியில் பார்த்தார். கமலாம்பிகைதான் கேட்டார். "எங்க ஒளிச்சனீங்கள்?"

"தொட்டிக்குக் கீழ ஒரு தட்டு இருந்தது" என்றார் பேரின்பநாயகம். "ஒருத்தரும் பாக்கமாட்டினம் எண்டு..."

இனியா பின்பக்கக் கதவுக்கு ஓடினாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரே ஒரு காலுறை இருந்தது. மற்றதெல்லாம் குப்பை நசுக்குகிற இயந்திரத்துக்குள் போய்விட்டதாம்.

"சாரி அங்கிள்" என்றாள். இத்தனை நாள் காத்திருந்ததெல்லாம் தன் கையாலேயே தள்ளிவிட்டதாக அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்று நடந்தார். சிமெண்டுத் தரை கொதித்தது. நிழலுக்கு நிழல் குதித்துக் குதித்துப் போனார். என் செருப்பைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கமாட்டேன். காலையில் அதைப் பார்த்த பார்வைக்குக் கொடுக்கவே மாட்டேன். ஆனால் என் மகள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. கடை கடையாகப் போனேன். இந்தியத் தெருவில் தலைக்குத்தான் விற்கிறார்கள், காலுக்கு இல்லை. ஜப்பானில் விசிறி. வெளிவாசலுக்குப் போகிற வழியில் இருந்த ஹாலந்துத் தெருவில், காற்றாலைக்குக் கீழே ஒரு கடையில் கிடைத்தது. மரச் செருப்பு. மஞ்சள் நிறம், மேலே சிவப்புப் பூ.

கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன்.

"என்ன இது?"

"சப்பாத்து. வெள்ளக்காரன் சப்பாத்து. போடுங்க சார், கால் வெந்துரும்."

என்னை முறைத்தார். தரையைப் பார்த்தார். போட்டுக்கொண்டார்.

டொக், டொக், டொக். தெருவே திரும்பிப் பார்த்தது. முழுக்கைச் சட்டை, இரண்டு பேனா, பூப்போட்ட மரச் செருப்பு. பூங்காவில் வேஷம் போடுகிற ஆள் என்று நினைத்து ஒரு சுற்றுலாக் குடும்பம் குழந்தையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தது. கமலாம்பிகையால் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து அதிகம் வாய் திறக்காத அம்மா, தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். சுலக்ஷன் சிரித்தான். வசந்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

பேரின்பநாயகம் நின்றார். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். இனியாவிடம் வந்ததும் நிறுத்தினார்.

"நீ ஏன் சிரிக்கேல்லை?"

"தள்ளிவிட்டது நான்தானே அங்கிள்."

"தள்ளச் சொன்னது நான்." என் பக்கம் திரும்பினார். "நீங்கள்?"

"எனக்குப் பசி" என்றேன்.

காற்றாலைக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "தையில நாள் பாருங்கோ. கோயில்ல வைப்பம். வாசல்ல குப்பைத் தொட்டி இல்லாத கோயிலாப் பாருங்கோ."

"செருப்பு ஒளிக்க இடம் இருக்குற கோயிலாவும் பாக்குறேன்" என்றேன்.

"மிஸ்டர் சிதம்பரம், உங்களுக்கு வாய் கூட."

"உங்களுக்குக் குறைச்சலா?"

கமலாம்பிகை மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். இனியா அப்போதுதான் அழுதாள்.

கல்யாணம் முடிந்துவிட்டது. பந்தியில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று என்னிடமே வந்து புகார் சொன்னார். இன்றுவரை நான் அவருக்கு மிஸ்டர்தான். அவர் எனக்கு சார்தான். குவீன்ஸ்டவுன் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் அந்த மரச் செருப்பைத் துடைத்து வைத்திருக்கிறார். வருகிறவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்டால் "ஹாலந்தில" என்கிறார். நான் எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். வாங்கியவன் யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நான் நிமிர்வேன். சமையலறை வாசலில் இனியா நின்றுகொண்டு, வாயைத் திறக்காதீங்க என்று பார்ப்பாள்.