ரிசப்ஷனுக்குப் போன லென்ஸ்

2025 பிப்ரவரி 2, ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பிக்கு முன் கேமராப் பை. ரப்பர் ஊதியால் தூசியை ஊதினேன், லென்ஸைத் துணியால் துடைத்தேன், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றினேன், பேட்டரி இரண்டும் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்தேன். காப்பி குடித்துவிட்டு, விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்டூடியோவுக்கு வண்டியில் போனேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 150-600 ஜூம் லென்ஸை அந்த ஒரு நாளுக்கு வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தேன். முந்தின இரவும் போன் செய்து உறுதிப்படுத்தியிருந்தேன்.

கடைக்கு மேலேயே வீடு. ஸ்டூடியோக்காரர் லுங்கியோடு இறங்கி வந்து, என் கையில் ஒரு சின்ன டப்பாவை வைத்தார்.

"கோச்சுக்காதீங்க சார். லென்ஸு வளவனூர் ரிசப்ஷனுக்குப் போவுது. நைட்டு திடீர்னு சொன்னாங்க. மாப்ள ஊட்டுல கேண்டிட் போட்டோ வேணும்னு ஒரே பேஜாரு."

"மேடை கைக்கெட்டுற தூரத்துல இருக்கும். அதுக்கு அறுநூறு எதுக்குங்க?"

"பின்னாடி சீரியல் லைட்டெல்லாம் உருண்ட உருண்டையா வுழணும் சார். அதுவும் இல்லாம, லென்ஸு பெருசா இருந்தாதான் பார்ட்டி நம்மள மதிக்குது."

டப்பாவில் இருந்தது டூ எக்ஸ் டெலிகன்வெர்ட்டர். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற, உள்ளங்கையில் அடங்கும் வளையம்.

"இத்த மாட்டுனா உங்க முந்நூறு அறுநூறாயிடும். கணக்கு ஒண்ணுதான சார்?"

கணக்கு ஒன்றில்லை. கன்வெர்ட்டர் தூரத்தை இரட்டிப்பாக்கும்போது வெளிச்சத்தில் நாலில் மூன்று பங்கைத் தின்றுவிடும். என் 70-300 லென்ஸ் முழு நீளத்தில் ஏற்கெனவே கொஞ்சம் மங்கல். அந்த மங்கலையும் சேர்த்துப் பெரிதாக்கும். ஆட்டோ ஃபோகஸ் குருடாகிவிடும். கன்வெர்ட்டர் கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். ஜூம் இல்லாத, விலை உயர்ந்த, வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடுகிற லென்ஸுக்குப் பின்னால் மாட்டினால் நன்றாகவே வேலை செய்யும். என்னுடையது அந்த ஜாதி இல்லை. இதையெல்லாம் அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். தலையாட்டிக் கேட்டவர்தான்.

அந்த ஞாயிறை விட்டால் வேறு நாள் இல்லை. திண்டிவனத்தைத் தாண்டி நான் நான்கு வருடமாகப் போய்க்கொண்டிருக்கும் ஓர் ஏரியில், நடுவே நிற்கும் கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. அந்த மரங்களை ஏலத்தில் எடுத்தவர் வழக்கமாக ஏரி வற்றிய பிறகுதான் வெட்டுவார். அதற்குள் குஞ்சுகள் பறந்திருக்கும். இந்த முறை பெருமழையில் கரை உடைந்து தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை ஆளை இறக்கப் போவதாகச் சொன்னார். கூடெல்லாம் காலி என்றும் சொன்னார். நான் பைனாகுலரில் குஞ்சுகளைப் பார்த்திருந்தேன். வனக்காப்பாளரிடம் முறையிட்டபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "குஞ்சு தெரியுற மாதிரி ஒரு போட்டோ குடுங்க சார், நான் நிறுத்தறேன். வாய்வார்த்தைக்கு நிறுத்த முடியாது."

வேறு வழியில்லாமல் அந்த டப்பாவோடு திண்டிவனம் போனேன்.

ஏலதாரர் கரையில் மதகுக்குப் பக்கத்தில் தன் சிவப்பு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவித்துத் தின்றுகொண்டிருந்தார். நான் கன்வெர்ட்டரை மாட்டி, அதன் முன்னால் லென்ஸை மாட்டியதைப் பார்த்தார்.

"இன்னா சார், குழாயைச் சேத்துக்கினே போறீங்க? போர் போடப் போறீங்களா?"

நான் லென்ஸை மரத்தின் பக்கம் திருப்பினேன்.

"பெருசுங்க சும்மா குந்திக்கினு இருக்குதுங்க. உள்ள ஒண்ணும் இல்ல. மல்லாட்ட துன்றீங்களா?"

லென்ஸ் எங்கே நிற்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடியது. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு விரலால் திருப்பினேன். வெளிச்சம் போதாமல் ஷட்டரின் வேகம் இறங்கியது. காற்றில் கிளை அசைந்தால் படம் கரைந்தது. வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேலே கானல் நெளியத் தொடங்கியது. எடுத்ததில் பெரும்பாலானவை ஈரச்சுவரில் படிந்த கறை போல இருந்தன. ஒன்றே ஒன்றில் கூட்டின் விளிம்புக்கு மேல் ஒரு குட்டை அலகும் சாம்பல் நிறத் தலையும் தெரிந்தன. அதை வனக்காப்பாளருக்கு அனுப்பினேன்.

மதியம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் போன் செய்தார்.

"குஞ்சு மாதிரிதான் இருக்குதுங்க. ஆனா அந்தாளு இது நம்ம ஏரியே இல்ல, கூகுள்ல எடுத்ததுன்றாரு. ஒரு தல, ரெண்டு குச்சி. எந்த மரம், எந்த ஏரின்னு நான் எதை வச்சு சார் சொல்றது?"

போனை வைத்துவிட்டுச் சோற்றைத் தள்ளினேன். ஸ்டூடியோக்காரரை, மாப்பிள்ளை வீட்டாரை, சீரியல் விளக்கை, கூகுளை என்று வரிசையாகத் திட்டினேன். உயிரோடு இருக்கும் குஞ்சைக் காட்ட நான் காலை முழுக்க வெயிலில் நிற்க வேண்டும். இல்லை என்று சொல்ல அவனுக்கு மல்லாட்டை தின்கிற வாய் போதும். இது என்ன நியாயம்?

மனைவி ரசத்தை ஊற்றியபடி கேட்டாள்: "அந்த மண்டபம் எங்க இருக்குதுன்னு தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அப்ப கோவத்த எதுக்கு ரசத்து மேல காட்டுறீங்க? அங்க போய்க் காட்டுங்க."

சாயங்காலம் வளவனூருக்குப் போனேன். மண்டபத்தில் பன்னீர் தெளித்து வரவேற்றார்கள். மேடைக்கு எதிரே ஸ்டூடியோக்காரர் என் லென்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடம் போதாமல் நாற்காலி வரிசைகளைத் தள்ளித் தள்ளிப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். பிறகு சமையற்கட்டுக் கதவில் முதுகை ஒட்டி நின்றார். மணமகளின் மூக்குத்தியை எடுக்க ஒரு மனிதன் சமையற்கட்டு வரை போக வேண்டியிருந்தது.

நான் நேராகப் போய் மேடைக்கும் லென்ஸுக்கும் நடுவில் நின்றேன்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது" என்றார் மாப்பிள்ளை.

"தள்ள மாட்டேன் தம்பி. இவர் என் லென்ஸைக் குடுக்கட்டும், தள்றேன்."

ஸ்டூடியோக்காரர் ஓடி வந்தார். "சார், சார், மானத்த வாங்காதீங்க. சாப்டீங்களா? மொதல்ல பந்தில குந்துங்க."

"நாளைக்குக் காலைல மரத்த வெட்டுறான். இப்பவே குடுங்க."

"கேண்டிட் பாதிதான் சார் முடிஞ்சிருக்குது!"

"உங்ககிட்ட சின்ன லென்ஸ் இருக்குது. பத்தடி முன்னாடி வந்து எடுங்க. பொண்ணு பறந்துடாது."

முன்வரிசையில் ஒரு பெரியம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். "குட்த்துடுப்பா, ஜல்தி. அந்த ஆளு மூஞ்சிதான் எல்லா போட்டோலயும் வரப்போவுது." அவர் சிரித்ததில் பலரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டூடியோக்காரர் முகம் சுண்டி, லென்ஸைக் கழற்றிக் கொடுத்தார். முன்கண்ணாடி முழுக்கப் பன்னீர்த் துளிகள். கன்வெர்ட்டர் டப்பாவை அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து துளிகளைத் துடைத்தபோதுதான், ஜூம் வளையத்தை ஒருமுறை கடைசி வரை திருப்பிப் பார்த்தபோதுதான், வனக்காப்பாளர் கேட்ட கேள்விக்கு விடை கையிலேயே இருப்பது புரிந்தது. கன்வெர்ட்டரோடு வளையத்தைத் திருப்பினால் ஃபோகஸ் நழுவி நடுவழியில் படம் கரைந்துவிடும். நிறுத்திச் சரிசெய்து எடுத்தால் ஏரி ஒரு படம், குஞ்சு ஒரு படம் என்று இரண்டாகிவிடும். இந்த ஜூமில் கையை எடுக்காமல், ஒரே வீடியோவில், அகலத்திலிருந்து நெருக்கத்துக்குப் போகலாம்.

பிப்ரவரி 3, திங்கள். விடிகிற நேரத்தில் கரைக்குப் போய் முதலில் செய்தது இது. முக்காலியை நிறுத்தி, கேமராவை வீடியோவில் வைத்து, 150-இல் தொடங்கினேன். உடைந்த கரை, மதகு, அதன் ஓரத்தில் ஏலதாரரின் சிவப்பு வண்டி, எண்பலகை உட்பட. வண்டியில் சாய்ந்திருந்த அவர், அவர் பின்னால் அரிவாளோடு நின்ற ஆட்கள். அங்கிருந்து எங்கும் நிறுத்தாமல் மெதுவாக மரங்களுக்குத் திருப்பி, வளையத்தை 600 வரை சுற்றினேன். தாய் நாரை வந்து இறங்கியது. கூட்டுக்குள்ளிருந்து மூன்று தலைகள் எழுந்தன.

அனுப்பிச் சிறிது நேரத்தில் வனக்காப்பாளர் அழைத்தார். "பாத்துட்டேன் சார். போனை அந்தாளுகிட்ட குடுங்க."

கரையோரமாக நடந்து போய், மல்லாட்டைத் தோல் ஒட்டியிருந்த அந்தக் கையில் கொடுத்தேன்.