லவோனின் வண்டி இடப்பக்கம் இழுத்த நாள்

டார்பி என்ற மலைப் பள்ளத்தாக்கு ஊரில் ஓர்வில் ஹாக்ஸ்டாடின் பட்டறையில் அலைன்மென்ட் மெஷின் கிடையாது. ஒரு சணல் கயிறு, ஒரு டேப், ஒரு ரசமட்டம். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பள்ளத்தாக்கில் பாதி பிக்கப்புகளின் முன்சக்கரங்களை இவற்றை வைத்துத்தான் அவன் நேராக்கி வந்தான். சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருப்பதற்குக் கயிறு, சக்கரத்தின் தலை, அதாவது மேல்பக்கம், சாய்ந்திருப்பதற்கு ரசமட்டம். கடைசியாக மெயின் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பான். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொள்வான். நேராகப் போனால் வேலை முடிந்தது. 'தப்பு என்னோடது' என்று அவன் வாயால் சொல்லி ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. அதைக் கேட்கக் காத்திருந்து அலுத்துப்போய்த்தான் பெண்டாட்டி கிளம்பிவிட்டாள் என்று ஒரு பேச்சு உண்டு.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. அக்கா லவோனின் பழைய பிக்கப்பில் முன்சக்கரங்களை அச்சோடு இணைக்கிற பால் ஜாயின்ட் நான்கும் தேய்ந்து, சக்கரத்தைக் கையால் ஆட்டினாலே கடகடவென்றது. எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிது அடித்து முடித்தபோது காலை எட்டரை. லவோன் வாசலில் வந்து நின்றாள். வீட்டுக்குப் போய் இரண்டு குதிரைகளை டிரெய்லரில் ஏற்றிக் கணவாய் தாண்டி சால்மன் ஊரில் மதியத்துக்குள் ஒப்படைக்க வேண்டும்.

ரசமட்டம் வைக்க நேரமில்லை. கயிறு மட்டும் கட்டிப் பார்த்தான். மெயின் ரோட்டில் ஓட்டினான், கையை விட்டான். அம்பு போலப் போனது.

"எடுத்துட்டுப் போ," என்றான்.

பத்து மணிக்குக் கஸ் ப்ரூயட் காபியோடு வந்தான். காட்டில் மரம் வெட்டி ஓய்ந்தவன். தினமும் வந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வாயை மூடாமல் இருப்பதுதான் அவனுக்கு வேலை. லவோனின் வண்டி அம்பு போலப் போன கதையைக் கேட்டுக்கொண்டே, கழித்துப் போட்ட சாமான்களைக் கிளறி ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"என்ன ஓர்வ் இது, துளை ஒரு ஓரமா இருக்கு? தண்ணியடிச்சிட்டுப் போட்டானா?"

மேல் பால் ஜாயின்ட் உட்காருகிற புஷ் என்ற இரும்பு வளையம். ஓர்வில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். துளை நடுவில் இல்லை. வளைந்த அச்சைச் சரிக்கட்ட, இடது சக்கரத்தின் தலையை உள்ளே சாய்க்கவென்றே யாரோ எப்போதோ தேடிப் போட்ட புஷ். அதைக் கழற்றிய இடத்தில் இவன் டப்பாவில் வந்த நேர் புஷ்ஷை அடித்து அனுப்பியிருக்கிறான்.

"அதனால என்ன? நேராத்தான் போச்சுன்னியே," என்றான் கஸ்.

ஓர்வில் சாவியைத் தேடினான். மெயின் ரோடு தண்ணீர் வடிய வலப்பக்கம் சரித்துப் போட்ட ரோடு. ஒழுங்கான வண்டி கையை விட்டதும் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும். இது ஒதுங்கவில்லை. இடப்பக்கம் இழுக்கிற வண்டியை ரோட்டின் சரிவு தாங்கிப் பிடித்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இவன் மார்தட்டியிருக்கிறான். கணவாயில் இடது வளைவெல்லாம் இடப்பக்கமே சாய்ந்திருக்கும். இறக்கத்தில், குதிரைகளின் பாரம் பின்னாலிருந்து நெட்ட, பனியில் அவள் பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் பாயும்; எல்லோரும் வலப்பக்கமாக ஓட்டுகிற அந்த நாட்டில் இடப்பக்கம்தான் எதிர்த்தடம். எதிர்த்தடத்தில் மர லாரிகள் வரும்.

"அவளுக்குப் போன் போடுப்பா!" அவன் முகத்தைப் பார்த்துக் கஸ் கத்தினான்.

"சூலா ஊரைத் தாண்டினா ஏது சிக்னல்?" ஓர்வில் அதற்குள் தன் வண்டியில் ஏறியிருந்தான்.

ஏற்றம் தொடங்குகிற இடத்தில் பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி மாட்ட ஒதுங்கும் இடம் காலியாகக் கிடந்தது. அவள் நிற்கவில்லை. சங்கிலி மாட்டுவதென்றால் அவளுக்கு வேப்பங்காய். ஓர்வில் மேலே ஏறினான். ஒவ்வொரு இடது வளைவிலும் தடுப்புக் கம்பி உடைந்திருக்கிறதா என்று பார்த்தான். எதிரே மர லாரி ஒன்று இறங்கி வந்தது. அதன் முகப்பில் புதிதாக அடிபட்ட தடம் ஏதும் உண்டா என்று பார்த்தான். இல்லை. அடுத்த லாரியிலும் இல்லை.

உச்சியில், இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன், டிரெய்லர் நின்றிருந்தது. லவோன் இடது முன்சக்கரத்தின் அருகே குந்தியிருந்தாள்.

"டேய், நீ எங்க இங்க?"

"கீழ இறங்காத."

"காத்து கம்மியோன்னு பார்த்தேன்டா. ஏறும்போதே இந்தப் பக்கமா இழுத்துட்டே வருது. காத்து சரியாத்தான் இருக்கு. முன்னாடி வேலை நீ பாத்தது, அதுல ஒண்ணும் இருக்காது. டயர்தான் உள்ளுக்குள்ள போயிடுச்சா?"

டயர்தான் என்று சொல்லிவிடலாம். அவளே எடுத்துக் கொடுக்கிறாள். ஓர்வில் அவள் பக்கத்தில் குந்தினான்.

"டயர் இல்ல. தப்பு என்னோடது. புஷ்ஷை மாத்திப் போட்டுட்டேன். மட்டம் வச்சுப் பாக்கல."

லவோன் மெல்ல எழுந்தாள். "திருப்பிச் சொல்லு."

"காது கேக்கலியா?"

"கேட்டுச்சு. நீ பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதுக்குத்தான் காத்திருக்கேன். ரெண்டு வாட்டி சொன்னா தேஞ்சா போயிடுவ?"

"தப்பு என்னோடது," என்றான். பிறகு, "செத்திருப்ப நீ," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. டிரெய்லருக்குள் ஒரு குதிரை தரையை உதைத்தது.

"என் வண்டியில டிரெய்லரை மாட்டிக்க. உன்னோடதை நான் திருப்பி ஓட்டிட்டுப் போறேன்."

"இழுக்கற வண்டியையா? இங்கயே விட்டுட்டு வா."

"பாரம் இல்லாம மெதுவாப் போனா பிடிச்சுக்கலாம். எந்தப் பக்கம் போகும்னுதான் தெரியுமே. முதல்ல சங்கிலியை எடு, நீ மாட்டாம இறங்கறதா இருந்தா நான் விடமாட்டேன்."

முனகிக்கொண்டே மாட்டினாள். டிரெய்லர் முதல் வளைவில் மறையும் வரை நின்றிருந்து, அவளுடைய வண்டியில் ஏறி டார்பி பக்கமாக இறங்கினான்.

முதல் இடது வளைவிலேயே ஸ்டியரிங் அவன் கையைத் திருகியது. வலப்பக்கமாக இழுத்துப் பிடித்தான். மணிக்குப் பதினைந்து மைல். எதிரே வந்த லாரி பனியை வாரியடித்துக்கொண்டு ஒரு முழ இடைவெளியில் கடந்தது. அந்தப் பக்கத்து இறக்கத்தை அக்கா இதே வண்டியில் டிரெய்லரோடு இறங்கியிருந்தால் என்று நினைக்கப் போய், பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். பின்னால் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்து ஹார்ன் அடித்தன.

ரோடு சமமானதும் ஒருவன் பக்கவாட்டில் வந்து கண்ணாடியை இறக்கினான். "யோவ், வண்டி ஓட்டத் தெரியுமா தெரியாதா?"

வேறொரு நாளாக இருந்தால் அவன் ஏழு தலைமுறையையும் ஓர்வில் இழுத்திருப்பான். இப்போது மன்னிப்புக் கேட்பது போல ஒரு கையைத் தூக்கினான். வண்டி உடனே இடப்பக்கம் ஓடியது. கையைத் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான்.