எந்தப் பதினாறு?

லீ-ஃபெங் அக்கா காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழிப்பார். மற்றவர்கள் நடுவிலுள்ள பெரிய எண்ணைப் பார்ப்பார்கள். அவர் பார்வை அடியில் பொடியாக அச்சிட்ட, நிலாவை வைத்து எண்ணும் பிறைத் தேதியில் போய் நிற்கும். அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் தேநீர்க் குவளையைத் திறப்பார். எதிர் மேசையிலிருந்து ஐந்து வருடமாகப் பார்க்கிறேன்.

தைவானின் தைனான் நகரில் எங்கள் கம்பெனி கடைகளுக்குப் பூவும் பழமும் அனுப்புகிறது. பிறைக் கணக்கில் இரண்டும் பதினாறும்தான் எங்கள் பிழைப்பு. அந்த நாட்களில் கடைக்காரர்கள் வியாபாரம் செழிக்க வாசலில் மேசை போட்டுச் சாமிக்குப் படைப்பார்கள். மதியத்துக்குள் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு விடிகாலை ஐந்து மணிக்கு சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். முந்நூற்றுச் சொச்சம் கடைகளின் ஆர்டர்களை வண்டி வாரியாகப் பிரித்து, ஓட்டுநர்களின் போனுக்கு அது அனுப்பும். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அலுவலகம் வந்து அதை ஓட்டுவது அக்காதான், பதினோரு வருடமாக, காய்ச்சல் நாட்களிலும். மகளின் பள்ளி விழாக்கள் மூன்று அப்படித்தான் தவறிப்போயின.

இந்த ஜூன் பதினொன்றில் மகளுக்குத் தீவின் மறுகரையிலுள்ள ஹுவாலியெனில் பட்டமளிப்பு. அன்று பிறைக் கணக்கில் பதினாறு.

அதனால்தான் முதலாளி ஓங் வாங்கிவந்த ஏஐ உதவியாளனை அக்கா அவ்வளவு ஆசையாக வரவேற்றார். வாயால் சொல்வதைப் போல எழுதினால் போதும், நேரம் குறித்து ஸ்கிரிப்டை அதுவே ஓட்டிவிடும். "மாசாமாசம் ரெண்டும் பதினாறும் காலைல அஞ்சு மணிக்குப் பட்டியல அனுப்பிடு" என்று எழுதினார். குறித்துக்கொண்டதாகப் பதில் வந்தது. நேரம், அனுமதி எல்லாவற்றையும் நானும் சரிபார்த்துத் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் படித்தவளும் நான்தான்.

சர்வர் மேல் பச்சை உறை போட்ட சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று இருக்கும். அது இருந்தால் எந்திரம் சொன்ன பேச்சு கேட்கும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. உறை பச்சையாகவே இருக்க வேண்டும், தேதி கடந்திருக்கக் கூடாது. எங்களுடையது கடந்து ஒரு மாதம். நல்லபடியாகப் போய்வந்தால் புதுப் பொட்டலம் வைப்பதாக அக்கா சர்வர் முன்னால் நின்று நேர்ந்துகொண்டார்.

ஒன்பதாம் தேதி காலை வழக்கம்போலத் தாளைக் கிழித்தார். திரையைப் பார்த்தவர் குவளையைத் திறக்கவில்லை.

"ரு-ரு, இங்க வா. பட்டதாரி, இது எந்தப் பதினாறச் சொல்லுது?"

அடுத்த ஓட்டம் ஜூன் 16 என்றிருந்தது. பிறைக் கணக்கில் அன்று இருபத்தொன்று.

எங்கள் வீட்டிலும் பதினாறு என்றால் ஒரே பதினாறுதான். அம்மா நூடுல்ஸ் கடை வாசலில் படைக்கும்போது பக்கத்தில் நின்று வளர்ந்தவள் நான். எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்ததும் அது எப்படி மறந்தது? படித்ததில் நான் சேர்த்துக்கொண்டது எவ்வளவு, கழித்துவிட்டது எவ்வளவு என்று இன்னமும் தெரியவில்லை.

உதவியாளனைக் கேட்டேன். தன் கடிகாரத்துக்குப் பிறைத் தேதி தெரியாது என்று மரியாதையாகச் சொன்னது.

அக்கா ரயில் டிக்கெட் பக்கத்தைத் திறந்தார். "ரத்து பண்ணிடறேன். பொண்ணு கோவிச்சுக்க மாட்டா. பழகினவதான்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. இருங்கக்கா, அடுத்த இரண்டு வருடத்துப் பிறைத் தேதிகளைக் கையால் ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நான் மட்டும் ரெண்டு வருஷத்த மனப்பாடமா பண்ணி வச்சிருக்கேன்? தினம் வந்து தாளப் பாக்கறேன். நாள் இல்லன்னா டீ குடிக்கறேன். இதுக்கு என்ன, எந்திரிக்க வலிக்குதா?"

நான் விசைப்பலகையை இழுத்துக்கொண்டேன். தினமும் ஐந்து மணிக்கு எழு. பிறைத் தேதியைப் பார். இரண்டோ பதினாறோ ஆனால் ஓட்டு, இல்லாவிட்டால் படு. அது பார்ப்பதற்கு ஒரு பிறை நாட்காட்டியையும் சர்வரில் ஏற்றினேன்.

பத்தாம் தேதி காலை அது எழுதியிருந்தது: "இன்று பதினைந்து. வேலை இல்லை."

"டீ குடிச்சிருக்கும்" என்றார் அக்கா. மதிய ரயிலைப் பிடித்துப் போய்விட்டார்.

மறுநாள் ஐந்து மணிக்கு நான் போனும் கையுமாகப் படுக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. ஒன்பதரைக்குள் கடைசி வண்டியும் கிளம்பிவிட்டது. போய்விட்டது என்று அக்காவுக்கு ஒரு வரி அனுப்பினேன். பதிலாக ஒரு படம் வந்தது: கறுப்பு அங்கியில் மகள், சரிந்த தொப்பி, பக்கத்தில் அக்கா, கையில் பிரித்துப் பாதி தின்ற பச்சைப் பொட்டலம். சர்வருக்கென்று தைனான் ஸ்டேஷனில் வாங்கியதாம். வரிசையில் நின்ற மகளுக்குப் பசித்துவிட்டதாம்.

நான்கு மாதம் ஆகிறது. உதவியாளன் தினமும் எழுந்து தேதி பார்க்கிறது. அக்காவும் தாள் கிழிக்கிறார். சர்வர் மேல் அதே பழைய பொட்டலம்தான், உறை வெளுத்துப்போய்.

நான் வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"நேர்ந்துகிட்டவ நான். நீ வச்சா அது எப்படிச் செல்லும்?" என்றார். அடுத்த வாரம் வாங்குகிறாராம்.