‘விலகுகிறேன்’ என்று சொல்ல வராதவள்

மின்னஞ்சல் தொல்லை என்றால் எங்கள் ஆர்.எஸ்.புரம் அடுக்ககத்தில் என் கதவைத்தான் தட்டுவார்கள். புடவைக் கடை, காப்பீடு, மனை விற்பனை என்று கேட்காமலே வந்து குவிவதையெல்லாம் நிறுத்திக் கொடுப்பேன். கூலி வாங்க மாட்டேன், திட்டாமலும் விட மாட்டேன்.

போன மாதம் எதிர் வீட்டுப் பெண் வந்தாள். குழந்தை பிறந்ததும் கணக்கு டீச்சர் வேலையை விட்டவள், இப்போது ஒரு பள்ளியில் மறுபடியும் விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு மெயிலில்தான் கூப்பிடுவார்களாம். காத்துக் காத்து முகமே வாடிப்போயிருந்தது. போனை வாங்கிப் பார்த்தேன். பெட்டி நிரம்பிவிட்டது, இனி எந்த மெயிலும் வராது என்று காட்டியது.

“இந்தக் கடை மெயிலெல்லாம் நிறுத்தவே இல்லியா நீ?”

“நிறுத்துனனுங்க்கா. மறுக்காவும் வருதுங்க.”

எப்படி நிறுத்தினாய், செய்து காட்டு என்றேன். ஒரு நகைக்கடை மெயிலைத் திறந்து, அடியில் இருந்த விலகும் இணைப்பைச் சரியாகத்தான் தொட்டாள். இரண்டு பொத்தான்கள் வந்தன. ஒன்று ‘விலகுகிறேன்’. இன்னொன்று ‘ஒரு மாதம் கழித்து அனுப்புங்கள்’. இரண்டாவதை அமுக்கினாள். எல்லாக் கடைக்கும் இதேதானாம்.

“மூஞ்சில அடிச்சாப்பல எப்படிங்க்கா சொல்றது?”

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. வாசல் தாண்டும்போதுகூடப் ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘வாரேன்’ என்று சொல்கிற ஊர். அந்த மரியாதையை இவள் இயந்திரத்துக்கும் காட்டியிருக்கிறாள். “அங்க மனுசரே இல்ல அம்மணி. அமுக்கு!” என்றேன். ஒவ்வொன்றுக்கும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அமுக்கினாள். குவிந்து கிடந்ததை நான் அழித்தேன்.

பெட்டி காலியானாலும், இடமில்லாமல் திரும்பிப் போன பள்ளி மெயில் தானாக வந்துவிடாது. பள்ளிக்குப் போன் செய்து கேள் என்றால், “தொந்தரவுங்களே” என்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. நானே பள்ளியின் எண்ணைப் போட்டுப் போனை அவள் கையில் திணித்தேன். திக்கித் திணறி, “ஏனுங்க, இன்னொருக்கா அனுப்பறீங்களா?” என்று கேட்டுவிட்டாள்.

மதியத்துக்குள் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், வர இயலுமா என்று கேட்டிருந்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தாள். அவளுக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான்.

“ஒடனே பதில் போட்டா, வேலைக்குப் பறக்கறாப்பல நெனப்பாங்களாக்கா?”

“இத்தன வருசம் ஊட்டுக்குள்ள இருந்தாச்சில்ல, பறந்தா என்ன? போடு.”

போட்டுவிட்டுத்தான் கண்ணைத் துடைத்தாள்.