சுவருக்குள் நின்ற எஞ்சின்

எங்கள் அப்பா மறைந்து இன்றோடு பதினாறு நாட்கள் ஆகின்றன. துயரில் பங்குகொள்ள வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒரு விளக்கம் தரக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒன்பதாம் நாள், காரியம் முடியும் முன்பே, நான் வீட்டைவிட்டு வெளியே போனேன். உங்களில் பலர் அதற்காக வருந்தினீர்கள். அதன் காரணத்தைச் சொல்ல அப்பாவின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

அப்பா பிறந்தது ஊரப்பாக்கத்தில். பத்து வயதில் தந்தையை இழந்தார். தாயார் செங்கல் சூளையில் வேலை செய்து அவரைப் படிக்க வைத்தார். ரயில்வேயில் ஃபிட்டராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதே வேலையில் இருந்தார். பிறர் செய்த தவறையும் தன் தவறென்று ஏற்றுக்கொள்பவர். அது அவருக்கு நற்குணம், எங்களுக்குச் சுமை.

ஓய்வுக்குப் பின், நண்பர்கள் ஆறு பேருடன் முடிச்சூர் பக்கம் ஒரு சிறிய ரயில் அருங்காட்சியகம் நடத்தினார். சம்பளம் வாங்குபவர் யாருமில்லை; நிலமும் இரவல். மீட்டர்கேஜ் காலத்து நீராவி எஞ்சின் ஒன்றுதான் அதன் சொத்து. ஞாயிறுதோறும் அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அங்கே எழுதப்படாத விதி ஒன்று உண்டு. தவறு செய்தவரை யாரும் திட்டக் கூடாது. அடுத்த ஞாயிறு அவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும்.

எஞ்சினின் பித்தளைப் பாகங்கள் இருமுறை திருடுபோயின. உடனே அப்பா எஞ்சின் நின்ற கொட்டகையின் பெரிய கதவை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் செங்கல் சுவர் எழுப்பினார். ஆட்கள் நுழையச் சின்னக் கதவு போதும் என்றார். ஓடாத எஞ்சின் என்றைக்காவது வெளியே வரவேண்டியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கூரையின் இரும்பு உத்திரத்தையும் அந்தச் சுவர்மேலேயே அமர்த்திவிட்டார்கள்.

சென்ற ஆண்டு நில உரிமையாளர் இடத்தைத் திருப்பிக் கேட்டார். இத்தனை காலம் வாடகையின்றித் தந்தவரைக் குறை சொல்வதற்கில்லை. எஞ்சினை வாங்கிப் பராமரிக்க ஒரு கல்லூரியும் முன்வந்தது. ஆனால் குறித்த நாளுக்குள் வெளியே எடுக்காவிட்டால், உள்ளேயே துண்டாக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போய்விடும். சுவரை இடித்தாலோ, கூரை எஞ்சின்மேல் விழும். பார்க்க வந்த கொத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? வண்டிய உள்ள வுட்டு செவுரு கட்டிகிறீங்க! எந்தப் புண்ணியவான் சார் கட்டினது?"

"நான்தாம்பா," என்றார் அப்பா.

"எஞ்சினுக்கு உயிரோட சமாதி கட்டிட்டாரு உங்கப்பா," என்று அம்மா வீட்டில் சொல்லிக் காட்டுவார். அப்பா சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு எல்லா ஞாயிறுகளிலும் டீ அவருடையதே. "போதும் சார், சுகர் ஏறுது," என்று நண்பர்கள் கெஞ்சியும் நிறுத்தவில்லை.

இதற்கிடையில் நுரையீரல் நோய் அவரைச் செம்பாக்கம் வீட்டின் ஓர் அறைக்குள் அடைத்தது. ஆக்சிஜன் குழாய் எட்டும் தூரமே அவருக்கு அனுமதிக்கப்பட்ட உலகம்: கட்டில், ஜன்னல், கழிப்பறை. நான் சமூகப்பணி படித்தவள். விளைவை எண்ணிப் பார்க்காமல் எதற்கும் சம்மதிப்பதில்லை.

"எஞ்சினை விட்டுடுங்கப்பா. கூரை யார் மேலயாவது விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றேன்.

"அதைத்தாம்மா நானும் யோசிக்கிறேன். யார் மேலயும் விழக் கூடாது. எழுதிக்கோ."

மூச்சு கிடைத்தபோதெல்லாம், மூன்று நாட்கள் சொன்னார். தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய சிலீப்பர் கட்டைகளை எங்கே அடுக்கி உத்திரத்துக்கு முட்டுக் கொடுப்பது, செங்கல்லை எந்த வரிசையில் எடுப்பது, எப்போது ஆட்களை வெளியே அனுப்புவது. மறுநாள் காலமானார். அவர் சொன்னதில் பாதி தாளில் இருந்தது. மீதி என் நினைவில் மட்டும் இருந்தது.

கெடு முடிந்தது அந்த ஒன்பதாம் நாளில்தான். அப்பாவின் தங்கையான என் அத்தை வாசலில் மறித்தார்.

"கருமாதி ஆகல, எங்கடி கெளம்புற? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நான் போகலன்னா நாலு பேர் அந்தக் கூரைக்குக் கீழ நிப்பாங்க, அத்தை."

சுவர் பாதி இறங்கியபோது உத்திரம் ஒருமுறை முனகியது. எல்லோரையும் வெளியே அனுப்பினேன். முனகல் அடங்கியதும், அப்பா சொன்னபடி இன்னும் இரண்டு கட்டைகளைச் செருகினோம்; உத்திரம் அசையாமல் நின்றது. எஞ்சினை இழுக்கும் வின்ச் இயந்திரத்தின் கயிறு இறுகியது. சக்கரங்கள் பிடிவாதம் பிடித்தன. "அட, நவுறு தாயே!" என்று கொத்தனார் அதட்டினார். கட்டைகளுக்கும் எஞ்சினுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. அங்குலம் அங்குலமாக எஞ்சின் வெயிலுக்கு வந்தது.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் உணவளித்த அண்டை வீட்டாருக்கும், கயிறு பிடித்த ஆறு நண்பர்களுக்கும், கூலி வாங்க மறுத்த கொத்தனாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொரு நன்றி அத்தைக்கு. செங்கல் தூளோடு நான் திரும்பியபோது, அவர் வாளித் தண்ணீருடன் வாசலில் நின்றிருந்தார். என் தலையில் ஊற்றினார். வாளி காலியானதும் கேட்டார்:

"வெளிய வந்துடுச்சா?"

"வந்துடுச்சு, அத்தை."

அண்ணன் இறந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார்.